மலைக்குப் போன கவுன்சிலர்கள்

சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த அன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார இடமில்லை. வாடகை நாற்காலி எடுத்துப் போட்டு, டிவியைத் தூக்கி வாசலிலேயே வைத்திருந்தோம். எங்கள் கட்சியின் ஓட்டு எண்ணிக்கை கொஞ்சம் இறங்க ஆரம்பித்ததும் ஒருத்தருக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் இன்னொருத்தருக்குத் தறியில் நூல் அறுந்துவிட்டதாகப் போன் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாற்காலிகளும் நானும்தான் மிச்சம். வாடகைக் கடைக்காரர் வந்து, "எல்லாத்தையும் எடுத்துக்கட்டுங்களாக்கா?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "எடுங்க, எல்லாத்தையும் எடுங்க. டிவியையுஞ் சேத்து எடுத்துட்டுப் போங்க" என்றேன். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "டிவி நம்மளது" என்றார்.

நான் எங்கள் பேரூராட்சியின் தலைவர். ஊர் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. பேர் சொல்லப்போவதில்லை, சொன்னால் நாளைக்கே நாலு பேர் வந்து வாசலில் நிற்பார்கள். தமிழ் பேசுகிற தெரு, வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற தெரு, கன்னடம் பேசுகிற நெசவுக்காரர் தெரு, பள்ளிவாசல் தெரு, மாதா கோயில் தெரு என்று எல்லாம் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளாட்சித் தேர்தலில் நாங்கள் ஜெயித்தபோது தெருவுக்கு ஒரு சின்னக் கட்சி எங்களோடு கூட்டணியாக வந்தது. மாநிலத்தில் தோற்ற மறுவாரமே அந்தக் கூட்டணி, கல்யாணம் முடிந்த பந்தல் மாதிரி ஒவ்வொரு காலாகக் கழன்றது. போன மாதம்வரை என்னை "அக்கா, அக்கா" என்று சுற்றிவந்தவர்கள் எதிரில் வந்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். மணி அடிக்காத போனில் அவ்வளவு நேரம் என்னதான் பேசுவார்களோ!

டிவியில் தினமும் எதிர்க்கட்சிக்கு எதிர்காலம் உண்டா என்று சண்டை. காய்கறிக் கடையிலும் அதே கேள்விதான். "இனி உங்க கட்சி எந்திரிக்குமுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "உங்க கத்திரிக்கா நாளைக்கு எந்திரிக்குமான்னு மொதல்ல சொல்லுங்க" என்றேன். நல்ல வேளை, சிரித்தார். எனக்குத்தான் வீடுவரை வயிற்றெரிச்சல் தீரவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாதிக்கு மேல் கவுன்சிலர்கள் பெண்கள். ஆனால் பெண் கவுன்சிலர் என்றால் கையெழுத்துக்கு மட்டும்தான். சாக்கடை பார்க்க, கான்ட்ராக்டரிடம் பேச, கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார எல்லாம் புருஷன்தான் போவார். ஊரும் அவரைத்தான் "வாங்க கவுன்சிலரு" என்று கூப்பிடும். நிஜக் கவுன்சிலருக்குப் பேர், "கவுன்சிலர் ஊட்டம்மா". என் விஷயத்தில் மட்டும் இது நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் தறிக்கொட்டகையை விட்டு வெளியே வருவதே பெரிய காரியம். "நீ கத்துற கத்துக்கு நான் வேற எதுக்கு?" என்பார். ஆளைக் கூட்டம் என்று கூட்டிப் போனால் தூங்கிவிடுவார்.

துணைத் தலைவர் என் சம்பந்தியம்மா. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். ஒரே கட்சி, ஒரே ஊர், பொண்ணு கண்ணெதிரில் இருக்கும் என்று ஆசைப்பட்டுச் செய்த கல்யாணம். மாப்பிள்ளை போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். சம்பந்தியம்மா கூட்டத்துக்கு வந்தால் மூலையில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நாலு வருஷத்தில் ஒரு கூட்டத்திலாவது அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. பேசுவதெல்லாம் சம்பந்திதான். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை, ஊர் நிறையச் சத்தம். ஊரில் துணைத் தலைவர் என்றால் அவர்தான்.

அந்தச் சம்பந்திதான் முதல் ஆளாகத் தாவினார். ஒரு நாள் காலையில் வேட்டிக் கரை மாறியிருந்தது. கூடவே இன்னும் சில பேரை இழுத்துக்கொண்டு போனார். என்மேல் நம்பிக்கை இல்லை என்று ஒரு தீர்மானம் வந்தது. அதில் முதல் கையெழுத்து சம்பந்தியம்மாவுடையது. எனக்கு அதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. அரசியல் என்றால் நாற்காலி வரும், போகும். வாடகை நாற்காலி போனதையே பார்த்துவிட்டேன்.

வலித்தது வேறொன்று. மகளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம் பிறக்கப்போகிறது. எங்கள் பக்கம் தலைப்பிரசவத்துக்குப் பொண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருமுன் கட்டுச்சோறு கொண்டுபோவோம். பொண்ணின் அம்மா வகை வகையாகச் சோறு ஆக்கி, பாத்திரம் பாத்திரமாக, எங்கள் பேச்சில் போசி போசியாக, எடுத்துப்போய் மாமியார் வீட்டில் இறக்கி, எல்லாருக்கும் விருந்து வைத்து, வளையல் போட்டு, பொண்ணைக் கையோடு கூட்டிவர வேண்டும். புதன்கிழமை என்று இரண்டு வீடும் சேர்ந்துதான் நாள் பார்த்திருந்தோம். நாள் நெருங்கும்போது சம்பந்தி போன் பண்ணினார்.

"சம்பந்தி, அரசியல் வேற, சொந்தம் வேறன்னு எல்லாருஞ் சொல்லுவாங்க. நான் அப்படிச் சொல்லமாட்டனுங்க. நீங்க ராஜினாமா பண்ணிப்போட்டுக் கட்டுச்சோத்தைக் கொண்டாங்க. புள்ளையச் சந்தோசமா அனுப்பி வெக்கறேன்."

"பண்ணலீன்னா?"

"இங்கயே நல்ல ஆஸ்பத்திரி இருக்குதுங்க. நாங்களே பாத்துக்கறோம்."

"என்ற புள்ளையை உங்க ஊட்டுல வாழ உட்டனா, அடமானம் வெச்சனா?" என்று நான் கத்தியதில் தறிக்கொட்டகையில் ஒரு தறி நின்றது. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்.

கத்திவிட்டேனே தவிர, போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகள் பிறந்தபோது நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். இரண்டு நாள் வலி. என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கை இல்லாமல் நான் பிழைத்திருப்பேனா என்று இன்றைக்கும் சந்தேகம்தான். என் புள்ளைக்கு அந்தக் கை வேண்டாமா? "ராஜினாமா பண்ணிப்போடறேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "பண்ணு. புள்ள வந்தாப் போதும்" என்றார். அவ்வளவுதான் அவர் அரசியல்.

மகளிடம் போனில் சொன்னபோது அவள்தான் எகிறினாள். என் மகள் அல்லவா!

"அம்மா, நீ இதுக்குப் பதவியை உட்டுப்போட்டு வந்தீன்னா, நாளைக்கு எம்புள்ளையப் பாக்க வாறதுக்கு மாமா வேற எதையாச்சும் கேப்பாரு. ஒண்ணும் பண்ணாதே. சும்மா இரு."

"நீ அங்க தனியா..."

"அத்தை நல்லாத்தான் பாத்துக்கறாங்கம்மா. பேச மாட்டாங்க, அவ்வளவுதான்."

பேசாத மனுஷியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு அன்றைக்கு அந்தச் சம்பந்தியம்மாமேல்தான் அதிகக் கோபம். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அவரும் ஒரு பிள்ளை பெற்றவர்தானே?

திங்கட்கிழமை மாவு மில்லில் பள்ளிவாசல் தெரு அக்காவைப் பார்த்தேன். அவரும் கவுன்சிலர்தான். அவர் வீட்டுக்காரர் வெல்ல மண்டி வைத்திருக்கிற பாய். கூட்டணிக் கட்சி கழன்றபோது பாயும் சம்பந்தி பக்கம் போய்விட்டார். ஆகவே எதிர் அணி. ஆனாலும் அக்கா என்னைப் பார்த்ததும், "வாங்க தலைவரே" என்று கிண்டலாகக் கும்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், அன்றைக்குக் காலையில்தான் எதிர் அணிக் கவுன்சிலர்களை எல்லாம் ஒரு வேனில் ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு. அதுவரைக்கும் நாங்கள் யாரும் போய் அவர்கள் மனசைக் கலைத்துவிடக் கூடாதாம். அங்கே லாட்ஜ், கறிச்சோறு, காவலுக்கு ஆள் என்று ஏக தடபுடல்.

"நீங்க மலைக்குப் போகலீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் போறேன்? அவருதான் போயிருக்காரு. கவுன்சிலருங்க எல்லாரும் வரோணும்னு கூப்பிட்டாங்களாம். சொட்டர் எடுத்து வெச்சேன், மப்ளர் எடுத்து வெச்சேன், சந்தோசமாக் கெளம்பிப் போனாரு."

"மத்தவங்க?"

"ஆம்பளைக் கவுன்சிலருங்க ரெண்டு மூணு பேரைத் தவிர, எல்லா ஊட்டுலயும் அவங்கவங்க ஊட்டுக்காரருதான். பொம்பளைங்களா போவாங்க?"

நான் மாவுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். மில்லுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என்ன ஆச்சு என்று பார்த்தார். கவுன்சிலர்களைக் காப்பாற்றுகிறோம் என்று புருஷன்மார்களை மலையில் ஏற்றிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஓட்டுப் போடுகிற பெண்டுகள் எல்லாம் ஊருக்குள் மாவு அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாலு வருஷமாகப் புருஷனைக் கவுன்சிலர், கவுன்சிலர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர்களுக்கே மறந்துபோய்விட்டது!

எங்கள் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் அன்றைக்குச் சாயங்காலம் போனில் குதித்தார். "அவங்க மலைக்குக் கொண்டு போயிட்டாங்க, நீங்க என்ன பண்ணிட்டு இருக்கீங்க? நம்மாளுங்களை ஒகேனக்கல்லுக்காவது கூட்டிட்டுப் போங்க!" நான், "மலையில ஓட்டு இல்லீங்க, எல்லாம் ஊருக்குள்ளதான் இருக்குது" என்றேன். "அப்ப ஊடு ஊடாப் போய்ப் பேசுங்க, மடக்குங்க, இதுதான் நம்ம கட்சி எந்திரிக்கிற நேரம்" என்றார். கணக்கு அவருக்கு அத்துப்படி. எதிர் அணியில் ஒரு கை குறைந்தால் தாங்கும். இரண்டு குறைந்தால் தீர்மானம் விழுந்துவிடும். எனக்கு மண்டையில் அந்தக் கணக்கு ஏறவே இல்லை. சம்பந்தியும் மலையில்தானே இருக்கிறார் என்பது ஒன்றுதான் ஓடியது. வீட்டில் அவர் மனைவியும் என் மகளும் மட்டும். புதன்கிழமை கட்டுச்சோறு. என்னை வாசலில் தடுக்க ஆள் இல்லை.

புதன்கிழமை விடிகாலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுத் தேங்காய் துருவினார். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பங்காளி வீட்டுப் பெண்கள் சிலரைக் கூப்பிட்டிருந்தேன். பள்ளிவாசல் தெரு அக்கா கூப்பிடாமலே ஒரு போசி நெய்ச்சோற்றோடு வந்து நின்றார். "உங்க கட்டுச்சோத்துல எங்க சோறும் ஒண்ணு இருக்கட்டுமே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "நெய் கம்மியா இருக்குது" என்று அதட்டினேன்.

வேனில் போகும்போது அக்கா என் காதில், "சம்பந்தியம்மாகிட்ட ஓட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?" என்றார்.

"மூச்சு உடக்கூடாது. சோறு கொண்டு போற எடத்துல ஓட்டுக் கேக்கறதா? நான் என்ற புள்ளையக் கூப்பிடப் போறேன், அவ்வளவுதான்."

சம்பந்தியம்மா கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்தார், போசிகளைப் பார்த்தார். பிறகு, "வாங்க, வாங்க" என்று சொல்லி முதல் போசியை அவரே வாங்கி உள்ளே வைத்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஓடாத சாமி, ஓடாத!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். வளையல் போட்டோம். அவள் முதலில் சாப்பிட்டது நெய்ச்சோறுதான். அம்மா ஆக்கியதை விட்டுவிட்டு அதைத்தான் இரண்டு முறை போடச் சொன்னாள். அக்கா என்னைப் பார்த்து, "நெய் கம்மியாம்" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதிச் சாப்பாட்டில் போன் வந்தது. யார் சொன்னார்களோ, மலைவரைக்கும் சேதி போய்விட்டது. சம்பந்தி கத்தியது பந்தியில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"அவங்களை யாரு உள்ள உட்டது?"

"கட்டுச்சோத்தோட வந்திருக்காங்க. வாசல்ல நிறுத்த முடியுங்களா?" என்றார் சம்பந்தியம்மா.

"சோத்தைத் தின்னுட்டுப் போகட்டும். புள்ளைய அனுப்பிப்போடாதே. வெள்ளிக்கெழமை முடியட்டும், நான் வந்து பேசிக்கறேன். கேட்டுதா?"

"கேட்டுதுங்க."

போனை வைத்துவிட்டு வந்து என் இலையில் தயிர்ச்சோறு வைத்தார். நான் இலையை மூடினேன். "என்னங்க சம்பந்தி?" என்று கேட்டேன். "அவரு சொல்லிப்போட்டாருங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "நீங்க ஒரு துணைத் தலைவருங்க. ஊட்டுல இருக்கற புள்ளையை அவங்க ஆத்தாகூட அனுப்பறதுக்கு மலையில இருந்து உத்தரவு வரோணுமா?" என்றேன். அவர் இலைகளை எடுத்தார், தரையைத் துடைத்தார். மகள் வாசலில் நின்று கையாட்டினாள். புது வளையல் குலுங்கியது. நான் திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினேன்.

ஏறியதும் அழுதேன். காலிப் போசிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் சத்தம் போட்டு அழுதேன். பள்ளிவாசல் தெரு அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு, "வெசனப்படாதே. வெள்ளிக்கெழமை என்ற கை எந்திரிக்காது. அவரு ஆயிரம் சொல்லட்டும்" என்றார். மகளைப் பற்றி அழுதால் இவர் ஓட்டைப் பற்றிச் சொல்கிறாரே!

"அய்யோ, எந்திரிக்கட்டுமுங்கக்கா! நல்லாத் தூக்குங்க. ரெண்டு கையையும் தூக்குங்க. பதவி போனாத்தான் எம்புள்ள வருவா."

"கிறுக்குப் புடிச்சுப் போச்சா உனக்கு?"

கிறுக்கெல்லாம் இல்லை. கணக்கு இப்போதுதான் எனக்குப் புரிந்திருந்தது. நானாக ராஜினாமா செய்தால் மகள் கோபித்துக்கொள்வாள். அவர்களாகக் கவிழ்த்தால் யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல முடியாது. சம்பந்தி ஜெயித்த சந்தோஷத்தில் அவரே கார் வைத்து அனுப்பிவிடுவார். தானே தோற்கவேண்டும் என்று சாமி கும்பிட்ட தலைவர் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வியாழக்கிழமை கோயிலுக்குப் போய் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். கட்சிப் பொறுப்பாளருக்குத் தெரிந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் மலையிலிருந்து வேன் நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்கே வந்து நின்றது. புருஷன்மார் வரிசையாக இறங்கினார்கள். கழுத்தில் மப்ளர், கையில் ஆரஞ்சுப் பை, மிளகுப் பொட்டலம். பாய்க்குச் சளி பிடித்து மூக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தார். வாசலில் போலீஸ்காரர், "கவுன்சிலருங்க மட்டுந்தான் உள்ள போகலாம்" என்றார். "நாங்கதான் கவுன்சிலரு!" என்று சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தினார். போலீஸ்காரர் வெளியூர்க்காரர். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அடையாள அட்டையைக் கேட்டார். ஆண் கவுன்சிலர்கள் இரண்டு மூன்று பேர் அட்டையைக் காட்டினார்கள்; மற்ற அட்டையெல்லாம் பெண்டுகளிடம் இருந்தது. பெண்டுகள் அப்போதுதான் வீட்டு வேலை முடித்து, தலைவாரி, நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நிமிஷத்தில்தான் மலைக்குப் போனவர்கள் முகம் மாறியது. நாலு நாள் வீட்டில் என்ன பேச்சு நடந்தது, யார் யாரைப் பார்த்தார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆளாளுக்கு மனைவி பின்னால் ஓடி, "கையைத் தூக்கோணும், மறந்துபோடாதே" என்று கிசுகிசுத்தார்கள். சம்பந்தி தன் மனைவியிடம், "நான் சொன்னது நாபகம் இருக்குதில்ல?" என்றார். "இருக்குதுங்க" என்றார் சம்பந்தியம்மா. போலீஸ்காரர் கதவைச் சாத்தினார்.

உள்ளே கூட்டத்தை நடத்த வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தீர்மானத்தைப் படித்து, ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் எழுந்தன. பள்ளிவாசல் தெரு அக்கா எனக்குப் பக்கத்தில் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்று குறைந்தது. பரவாயில்லை, ஒன்று தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் மூலையைப் பார்த்தேன். சம்பந்தியம்மாவின் கை முந்தானைக்குள் இருந்தது.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "துணைத் தலைவரம்மா, தீர்மானத்துல மொதல் கையெழுத்தே உங்களுதுதான்."

"ஆமாங்க. போட்டனுங்க."

"அப்ப கை?"

"இல்லீங்க."

"இல்லீங்கன்னா?"

"தூக்கலீங்க." எழுந்து நின்று தெளிவாகச் சொன்னார். நாலு வருஷத்தில் அந்த அறையில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

தீர்மானம் விழப்போகிறது. விழுந்தால் சம்பந்தி ஜென்மத்துக்கும் என் மகளை அனுப்பமாட்டார். ஒரு கைதானே வேண்டும், நானே தூக்கிவிடலாம் என்று என் கை நிஜமாகவே மேலே கிளம்பியது. அக்கா அதைப் பிடித்து இழுத்து, தன் நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வெல்ல மண்டிக்காரர் வீட்டு உடம்பு. அசைக்க முடியவில்லை. அதிகாரி தீர்மானம் தோற்றதாக அறிவித்தார்.

வெளியே எங்கள் ஆட்கள் சரவெடி கொளுத்தினார்கள். தேர்தல் முடிவு வந்த அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் மாலையோடு ஓடிவந்தார். பொறுப்பாளர் போனில், "பாத்தீங்களா, நம்ம கட்சி எந்திரிச்சுப்போச்சு!" என்று கூவினார். அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போனவர்களில் சிலர் மெல்லத் திரும்பி எங்கள் பக்கமே வந்தார்கள். கழன்ற கூட்டணிக் கட்சிகள் ஒன்றிரண்டு மறுபடியும் ஒட்டிக்கொண்டன. எதிர்க்கட்சிக்கு எதிர்காலம் உண்டு என்று டிவியிலும் பேச ஆரம்பித்தார்கள். அன்றைக்கு எனக்கு இதில் எதுவும் காதில் விழவில்லை. மாலையை வாங்கவில்லை. சம்பந்தி முகத்தை ஒரு தடவை பார்த்தேன். இருட்டிக் கிடந்தது. சம்பந்தியம்மாவைத் தேடினேன், காணோம். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி வழியாக இறங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போய் மனைவியை என்ன செய்வாரோ, என் மகளை என்ன சொல்வாரோ என்பதுதான் என் நினைப்பு.

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு, "என்னாச்சு?" என்றார்.

"ஜெயிச்சாச்சு."

"அப்பப் புள்ள?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அப்படியே தறிமேடையில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. யாரோ மாலை கொண்டுவருகிறார்கள் என்று நான் எழுந்திருக்கவே இல்லை. "அம்மா" என்று குரல் கேட்டது. ஓடினேன். மகள் ஆட்டோவிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தது சம்பந்தியம்மா. ஆட்டோவில் இரண்டு பைகள். என் வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து மகளை உள்ளே கூட்டிப்போனார். "மெதுவா சாமி, மெதுவா" என்று அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது. அவர் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. அப்பாடா! நாலைந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அப்படியே இறங்கிவிட்டது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேனா, அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவரு அனுப்பினாருங்களா?" என்று கேட்டேன்.

"அவரு கட்சிக்காரங்களுக்குச் சமாதானம் சொல்லப் போயிருக்காருங்க. நான் அவரைக் கேக்கலீங்க."

"சம்பந்தி, புதன்கிழமை நான் ஏதோ கோவத்துல..."

"நீங்க சொன்னது சரிதானுங்க." முந்தானை நுனியைச் சுருட்டினார். அப்புறம் சொன்னார். "என்ற தலைப்பிரசவத்துக்கு எங்கம்மாவும் கட்டுச்சோத்தோட வந்தாங்க. எங்கண்ணன் வேற கட்சிக்கு ஓட்டுக் கேட்டான்னு மாமனாரு வாசல்லயே திருப்பி அனுப்பிப்போட்டாரு. நான் சன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்தேன். அந்தச் சோத்தை வழியில மாட்டுக்குப் போட்டுட்டு, காலிப் போசியோட அழுதுட்டே போனாங்களாம். அந்தப் புள்ள எனக்குத் தங்கலீங்க. உங்க மாப்பிள்ளை எனக்கு ரெண்டாவது புள்ள."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கூட்ட அறைக்குள் கையெழுத்துக்கு மட்டும் நீண்டு நான் பார்த்த கை அது. சில்லென்று இருந்தது.

ஆட்டோக்காரர் இரண்டு பைகளையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார். ஒன்று என் மகளுடையது. இன்னொன்று பழைய துணிப்பை.

"இது யாருதுங்க?"

"என்றதுங்க." முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "தாய் ஊட்டுக்குப் போகோணும்னு அப்ப இருந்த ஆசைங்க. எங்கம்மா இப்ப இல்லீங்க. புள்ளைகூட நானும் இங்க கொஞ்ச நாளு இருக்கட்டுங்களா?"

அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய், மகள் படுத்திருந்த அறையில் அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.